அழுத்தமான பட்டையை உடனே நம்பாதீர்கள்: வைட்டமின் டி ஏற்பியும் அதைத் தேடும் எதிர்ப்பொருளும்

சில ஆண்டுகளுக்கு முன், சுண்டெலியின் தசையில் வைட்டமின் டி ஏற்பிப் புரதத்தை (செல்லுக்குள் வைட்டமின் டி-யைப் பற்றிச் செயல்படும் புரதம்) தேடிக்கொண்டிருந்த ஆய்வு மாணவி ஒருவர், வெஸ்டர்ன் பிளாட் படலத்தில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை எதிர்ப்பொருளால் பட்டையாகக் காட்டும் முறை) 50 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) சற்று மேலே விழுந்திருந்த அழுத்தமான பட்டையை மகிழ்ச்சியோடு காட்டினார். அந்த அழுத்தம்தான் என்னை உறுத்தியது. மனிதரில் 427 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஏற்பியின் எடை ஏறத்தாழ 48 கிலோடால்டன். பெரும்பாலான திசுக்களில் அது மிகச் சொற்பமாகவே இருக்கும். ஏற்பி நிறைந்த சிறுகுடல் மாதிரியைப் பக்கத்துத் தடத்தில் ஓட்டச் சொன்னேன். அதில் உண்மையான பட்டை சற்றுக் கீழே விழுந்தது. தசையில் நாங்கள் கண்டது வேறு ஏதோ புரதம். எட்டு மாத உழைப்பை அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பொருள் ஒரு புரதத்தை முழுமையாக அடையாளம் காண்பதில்லை. அதன் சிறு பகுதி ஒன்றைத்தான் பற்றுகிறது. மனித உடலில் வைட்டமின் டி ஏற்பியையும் சேர்த்து 48 உட்கரு ஏற்பிகள் (மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் ஏற்பிகள்) உள்ளன. டிஎன்ஏவைப் பற்றும் துத்தநாக விரல் பகுதி அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்த சாயல் கொண்டது. தேடும் புரதம் அரிதாகவும், தவறாக ஒட்டும் புரதம் ஏராளமாகவும் இருக்கும்போது, படலத்தில் முந்திக்கொண்டு தெரிவது பின்னதுதான்.

இதைத் தீர்க்க வழி 1997-லேயே பிறந்தது: டோக்கியோவிலும் பாஸ்டனிலும் இயங்கிய இரு குழுக்கள், இந்த ஏற்பி செயல்படாத சுண்டெலிகளை உருவாக்கின. அத்தகைய எலியின் திசுவிலும் பட்டை தெரிந்தால், எதிர்ப்பொருள் தவறானதைப் பற்றுகிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டெலூக்காவின் குழு 2010-இல் சந்தையில் கிடைத்த பல எதிர்ப்பொருள்களை இவ்வாறு சோதித்து, ஏற்பியின் வால்முனைப் பகுதிக்கு எதிரான டி-6 என்ற சுண்டெலி மோனோக்ளோனல் எதிர்ப்பொருளே (ஒரே பகுதியை மட்டும் பற்றும் ஒரே வகை எதிர்ப்பொருள்) மிகவும் நம்பத்தக்கது என்று கண்டது. அதைக் கொண்டு, வளர்ந்த தசையில் ஏற்பி தென்படவில்லை என்று 2011-இல் அறிவித்தது.

இங்கே நான் மாணவர்களை நிறுத்தி வைக்கிறேன், ஏனெனில் பட்டை தெரியாமல் போவதும் ஏமாற்றக்கூடும். சிட்னியில் கிறிஸ்டியன் கிர்கிஸும் உடனிருந்தோரும், சவ்வூடு பரவல் அழுத்தம் மிகுந்த (கரைபொருள் செறிந்த) கரைசலால் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, தசையிலும் குறைந்த அளவில் ஏற்பி இருப்பதை 2014-இல் காட்டினர். ஆக, எதிர்ப்பொருளை மட்டும் சோதித்தால் போதாது. திசுவைச் சிதைத்துப் புரதத்தை வெளிக்கொணரும் முறையையும் சோதிக்க வேண்டும்.

ஒரு விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த பலவகை எதிர்ப்பொருள்களின் கலவையான பாலிக்ளோனல் எதிர்ப்பொருளில் இன்னொரு சிக்கலும் உண்டு: விலங்கு மாறினால் கலவையும் மாறும், ஆகவே பட்டியல் எண் ஒன்றாக இருந்தாலும் தொகுதிக்குத் தொகுதி நடத்தை வேறுபடலாம். இப்போது எங்கள் ஆய்வகத்தில் புதிய குப்பி ஒவ்வொன்றையும், இயல்பான எலியின் சிறுகுடலையும் ஏற்பி நீக்கப்பட்ட எலியின் சிறுகுடலையும் அருகருகே ஓட்டிய பிறகே பயன்பாட்டுக்கு எடுக்கிறோம். தொகுதி எண்ணை ஆய்வேட்டில் குறிக்கிறோம். கட்டுரைக்கு அனுப்பும் படத்தில் பட்டையை மட்டும் வெட்டி வைக்காமல், எடை அளவுகோலோடு படலம் முழுவதையும் சேர்க்கிறோம்.