நரம்பு: யாழ்ல இருந்து மாமா காலுக்கு வந்த சொல்லு

எங்க மாமாவுக்கு சுகர் பல வருஷமா உண்டு, பாதம் ரெண்டும் மரத்துப் போச்சு. செங்கோட்டைல இருந்து மர வியாபாரமா அடிக்கடி கேரளாவுல இருக்கிற புனலூர் போவாரு. அங்க டீக்கடைல பழகின ஆளுங்க என்ன சேட்டா நடை ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டதுக்கு, மலையாளம் தெரியும்ங்கிற தைரியத்துல "எனிக்கு ஞரம்பு ரோகமாணு"ன்னு சொல்லிட்டாரு. கடையே சிரிச்சிட்டு. அங்க ஞரம்பு ரோகின்னா பொம்பளைங்கள சீண்டிக்கிட்டுத் திரியுற ஆளு.

அதுக்கப்புறம் அங்கயே ஒரு டாக்டர்ட்ட காட்டினா அவரு "நாடிக்கு தகராறுண்டு"ன்னுட்டாரு. நம்ம பக்கம் நாடின்னா முகவாய், இல்லன்னா வைத்தியர் கையப் பிடிச்சுப் பாக்குறது. தகராறுன்னா சண்டை. "என் நாடி யாருகூட சண்டைக்குப் போச்சு?"ன்னு வீட்டுக்கு வந்து அத்தைட்ட கேக்காரு மனுஷன். மலையாளத்துல தகராறுன்னா பழுது, டாக்டர் வாய்ல நாடின்னா நரம்பு, நரம்பு மண்டலத்த அவங்க நாடீவ்யூகம்னுதான் எழுதுவாங்க. இத்தனைக்கும் 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊரு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு.

நரம்பு வடமொழிச் சொல்லோன்னு யாரும் சந்தேகப்பட வேண்டாம். மலையாளத்துல ஞரம்பு (நம்ம நண்டு அங்க ஞண்டு ஆகுற மாதிரிதான்), தெலுங்குல நரமு, கன்னடத்துல நர, எல்லாம் ஒரே குடும்பம். ஆனா பழைய தமிழ்ல இதுக்கு டாக்டர் சொல்ற அர்த்தம் கிடையாது. தொல்காப்பியம் எழுத்து ஓசை அளவு கடந்து நீளுறதப் பத்திப் பேசும்போது அது 'நரம்பின் மறை'ல, அதாவது யாழ் இசை நூல்ல, உள்ளதுன்னு சொல்லும், அங்க நரம்புன்னா யாழோட தந்தி. புறநானூறு 278ஆம் பாட்டுல ஒரு கிழவிக்கு 'நரம்பெழுந்து உலறிய' தோளு, அது தோலுக்கு வெளிய புடைச்சுத் தெரியுறது, அதாவது ரத்தக்குழாய். ஆக நூல் மாதிரி நீளமா இழுத்துக் கட்டினது எதுவானாலும் நரம்புதான், இலைல ஓடுறதும் சேத்து.

அந்தப் பழைய பொருள் இன்னும் போகல, நர்சு "நரம்பு கிடைக்கல"ன்னு கைய தட்டித்தட்டித் தேடுறாங்களே அது சிரைங்கிற ரத்தக்குழாய், நின்னு வேல பாக்குறவங்களுக்கு கெண்டைக்கால்ல வர்ற நரம்புச் சுருட்டும் சிரைதான், கழுத்துல நரம்பு பிடிச்சுக்கிட்டுன்னா அது பெரும்பாலும் தசை. இதுல சுவர்ல எழுதிப் போட்டிருக்கிற நரம்புத் தளர்ச்சி விளம்பரம் வேற, கை நடுக்கத்துல இருந்து கல்யாணம் ஆன புதுசுல வர்ற பயம் வரைக்கும் எல்லாத்தையும் அந்த ஒத்தச் சொல்லுல அடைச்சு லேகியம் வித்துருவான்.

நம்மள மட்டும் குறை சொல்லவும் முடியாது. கிரேக்கத்துல நியூரான்னா முதல்ல தசைநாணும் வில்லோட நாணும்தான், லத்தீன் நெர்வஸும் அதே கதை. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல ஹெரோஃபிலஸ், எராசிஸ்ட்ரேட்டஸ்னு ரெண்டு பேரு உடம்ப அறுத்துப் பாத்துதான் மூளைலயும் தண்டுவடத்துலயும் இருந்து கிளம்புற நரம்ப தனியா அடையாளம் கண்டாங்க. நரம்பு செல்லுக்கு நியூரான்னு பேரு வச்சது 1891ல, வால்டேயர்ங்கிற ஜெர்மன்காரர். அந்த செல்லுக்குத் தமிழ்ல நரம்பணுன்னு சொல்லலாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா 'நெர்வஸா இருக்கு'ங்கிறதுக்கு நரம்ப இழுக்காதீங்க, படபடப்புன்னு சொல்லு நம்மகிட்டயே கெடக்கு.

மூளையும் லேசுப்பட்ட சொல்லு இல்ல, அதுக்கு எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைங்கிற பொருளும் உண்டு, தெலுங்குல மூலுகன்னா இன்னைக்கும் மஜ்ஜைதான். மலையாளத்துக்காரங்க தலச்சோறுங்கிறாங்க. சிரிக்க ஒண்ணும் இல்ல, சோத்துக்கத்தாழைல இருக்கிற சோறு எதுவோ அதே சோறுதான், உள்ள இருக்கிற கூழ்.

சரி மாமா கதைக்கு வாரேன். ரெண்டு வருஷமா அவரு குணமே மாறிட்டுன்னு வீட்ல ஒரே பேச்சு, எதிர்ல வர்றவங்கள நிமிந்து பாக்க மாட்டாரு, இருட்டினா வெளிய வர மாட்டாரு, கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா சாக்கு சொல்லுவாரு, காசு வந்ததும் திமிரு வந்துட்டுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. விஷயம் என்னன்னா முதுகுல இருந்து கால்விரல் வரைக்கும் போற நரம்பிழைதான் உடம்புலயே நீளம், ஏறக்குறைய ஒரு மீட்டர். சுகர்ல முதல்ல அடிபடுறதும் நீளமானதுதான். பாதம் எங்க இருக்குன்னு மூளைக்கு சேதி போகல, அதனால கண்ணு அந்த வேலைய எடுத்துக்கிச்சு. தரையப் பாக்காம நடந்தா விழுந்துருவாரு, கண்ண மூடி முகம் கழுவினாக்கூட தள்ளாடுவாரு. நாங்க திமிருன்னு நெனச்சது கால் நரம்பு.

இன்னொரு சொல்லு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சூடான தோசைக்கல்ல கை பட்டா நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே கை பின்னாடி வந்துரும், தண்டுவடமே உத்தரவு போட்டுரும், எரிச்சல் கொஞ்சம் கழிச்சுத்தான் தெரியும், ஏன்னா அந்த எரிச்சலக் கொண்டு போற இழை செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துலதான் போகும், வேகமான இழைங்க நூறு மீட்டர்கூடத் தாண்டும். இத நம்ம பாடப்புத்தகத்துல அனிச்சைச் செயல்னு போடுவாங்க, இச்சை இல்லாததுன்னு அர்த்தம், வடமொழி. இலங்கைல தெறிவினைங்கிறாங்க. தெறிச்சு விலகுறதும் தெறி, யாழ் நரம்ப விரலால சுண்டுறதும் தெறி. நரம்புக்குப் பக்கத்துல வைக்க இதவிடப் பொருத்தமான சொல்லு எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா இங்க யாரு கேக்கா.

மாமா இப்ப புனலூர் போனா நரம்புப் பேச்சே எடுக்கறதில்ல, "காலில் மரவிப்பாணு"ன்னு மட்டும் சொல்லுதாரு. நம்ம மரத்துப் போறதும் அவங்க மரவிப்பும் ஒண்ணுதான், டீக்கடைல யாரும் சிரிக்கல.