அலைநீளப் பகுப்புப் பல்சேர்ப்பு

வெவ்வேறு அலைநீள ஒளிகளில் பல தரவோட்டங்களை ஒரே ஒளியியல் நாரில், அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையில், ஒருங்கே அனுப்பும் முறையை ஆங்கிலத்தில் ‘வேவ்லெங்த் டிவிஷன் மல்டிபிளெக்சிங்’ என்பர்; அதற்கான தமிழ்ப் பெயரே தலைப்பில் உள்ளது. ‘மல்டிபிளெக்சிங்’ என்ற சொல்லின் இலத்தீன் வேரில் ‘மல்டி’ பலவற்றையும் ‘பிளெக்ஸ்’ மடிப்பையும் குறிக்கும். இருமடி, மும்மடி என்று நாமும் மடிப்பை வைத்தே எண்ணுவதால் ‘பன்மடியாக்கம்’ என்று பெயர்த்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பன்மடி என்றால் நமக்குப் பெருக்கமே நினைவுக்கு வரும். இங்கு நிகழ்வதோ, பல சமிக்ஞைகள் தத்தம் அடையாளம் கெடாமல் ஒரே ஊடகத்திற் சேர்ந்து செல்வது. ஆகவே ‘பல்சேர்ப்பு’ என்பதே பொருந்தும்.

சிக்கல் ‘பகுப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. மட்டக்களப்பில் 2013 இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்படும்வரை, ஒடுங்கிய பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்தார் காத்து நின்றதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். பல்சேர்ப்பின் இன்னொரு வகையான காலப் பகுப்பு அத்தகையது: நேரத்தைத் துண்டாக்கி முறைவைத்துக் கொடுப்பதால், அது ‘காலத்தைப் பகுத்தல்’ என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அலைநீளப் பகுப்பில் எவரும் காத்திருப்பதில்லை, அலைநீளம் துண்டாடப்படுவதுமில்லை. ‘அலைநீளத்தாற் பகுத்தல்’ என்று மூன்றாம் வேற்றுமையாக விரித்தாலன்றிப் பொருள் தவறிவிடும்.

ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் வெவ்வேறு அலைநீளத்தில் ஒளிரும் ஒரு லேசர் உண்டு. அவற்றின் ஒளிகளைப் பல்சேர்ப்பி என்ற கருவி ஒரே ஒளியியல் நாருக்குள் செலுத்த, மறுமுனையில் அரியம் வெள்ளொளியைப் பிரிப்பதுபோல அவை மீண்டும் பிரிக்கப்படுகின்றன. அலைவரிசைகளை நெருக்கமாக அடுக்கும் அடர் முறையில், 1550 நானோமீற்றரை அண்டிய பகுதியில் அலைவரிசைகளுக்கிடையே வழக்கமாக 100 கிகாஹேட்சு, அதாவது ஏறத்தாழ 0.8 நானோமீற்றர் இடைவெளியே விடப்படும். வினாடிக்கு 10 கிகாபிற்று வீதம் 40 அலைவரிசைகள் சென்றால், தலைமயிர்த் தடிப்புள்ள அந்த ஒரே நார் 400 கிகாபிற்றுகளைச் சுமக்கும். அவற்றை அகல விட்டு அடுக்கும் மற்றைய முறையில் இடைவெளி 20 நானோமீற்றர்; அதனைப் ‘பருமுறை’ என்பதைவிட, ஐதான அமிலம் என்று பள்ளியிலேயே பழகிய நமக்கு ‘ஐதான முறை’ என்பது எளிதில் விளங்கும்.

இத்தனை அலைவரிசைகளையும் தொலைதூரம் அனுப்பக் கைகொடுத்தது 1987 இல் உருவான எர்பியம் என்ற உலோகம் கலந்த நார்ப் பெருக்கி. அதற்கு முன்னர் ஒவ்வோர் அலைவரிசையையும் இடையிடையே மின்சமிக்ஞையாக்கிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்பெருக்கியோ அவையனைத்தையும் ஒளியாகவே ஒருங்கே வலுப்படுத்துகிறது.

கல்முனை வீதியோரத்தில் வடம் இணைப்பவரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் நீலம், செம்மஞ்சள், பச்சை என நார்கள் தெரியும். அவற்றையே அலைநீளங்கள் என்று மயங்குவோர் பலர். அவை எந்த நார் எது என்று அடையாளங் காண்பதற்கான மேற்பூச்சின் நிறங்கள் மட்டுமே. உள்ளே செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்.

பிரிக்கும் கருவியைப் ‘பல்பிரிப்பி’ எனலாம். மின்சாரமின்றி இயங்கும் அதன் வடிகட்டிகளில் ஒளி இரு திசைகளிலும் செல்லக்கூடியதாகையால், ஒரே பெட்டி ஒரு முனையிற் சேர்ப்பியாகவும் மறுமுனையிற் பிரிப்பியாகவும் பெயர் பெறுகிறது.