மகரந்தம் போகிறது, எண் போவதில்லை

டைட்டன் ஆரம் சுமத்ராவின் மழைக்காட்டுச் செடி, நம் சேனைக்கிழங்கின் பேரினம். ஆளுயரத்தை மிஞ்சிப் பூக்கும், இரண்டு நாளுக்குள் சரிந்துவிடும். முதல் இரவில் பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கும். ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும்போது அந்த நேரம் கடந்திருக்கும். அதனால் தாவரவியல் பூங்காக்கள் மகரந்தத்தை உறையவைத்து ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன.

கொடுக்கும் செடியும் வாங்கும் செடியும் உடன்பிறப்பா என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் 111 நிறுவனங்களிலிருந்து ஏறத்தாழ 1,200 செடிகளின் பதிவுகளைத் திரட்டி 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 24% செடிகள் ஒரே மரபணு கொண்ட நகல்கள். 27% நெருங்கிய உறவுச் செடிகளுக்குப் பிறந்தவை. ஒரு பூங்காவில் பிறந்த கன்றுகள் எல்லாமே பச்சையமின்றி வெளுத்திருந்தன. அப்படிப்பட்ட கன்று பிழைக்காது. பதிவுகளும் பூங்காவுக்குப் பூங்கா வேறு வேறு வடிவில், பாதி நிரப்பாமல் கிடந்தன.

உள்ளே வரும் ஒவ்வொரு விதைத்தொகுதிக்கும் செடிக்கும் ஒரு சேர்க்கை எண் தருவது வழக்கம்: ஆண்டு, அதன் பின் வரிசை எண். ஒரே தொகுதியில் முளைத்த கன்றுகளைப் பிரித்தறிய எண்ணின் வாலில் ஓர் எழுத்து. அடுத்தது தோற்றக் குறி. காட்டிலிருந்து நேரே எடுத்தது 'டபிள்யூ', காட்டுத் தாயிடமிருந்து தோட்டத்தில் பெருக்கியது 'இசட்', தோட்ட வழி வந்தது 'ஜி', தெரியாதது 'யு'. 'இசட்' போட வேண்டிய இடத்தில் சோம்பலாக 'ஜி' போட்டால், அந்தக் காட்டு வம்சம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

இந்தப் பதிவுகளைப் பரிமாற 1987-லேயே ஒரு பொது வடிவம் வகுக்கப்பட்டது. ஆனாலும் நடைமுறையில் சிக்குவது எக்செல் கோப்பில்தான். 2003-11 என்ற சேர்க்கை எண்ணை அது நவம்பர் 2003 என்ற தேதியாக மாற்றிவிடும். 0045 வெறும் 45 ஆகிவிடும். எண்களை உள்ளிடும் முன்பே அந்தப் பத்தியை 'உரை' என்று குறித்துவிட வேண்டும். செடியை அதன் பழைய அறிவியல் பெயரில் ஒரு பூங்காவும் புதிய பெயரில் இன்னொன்றும் பதிந்திருந்தால் ஒரே செடி இரண்டாகத் தெரியும். வந்த பெயரை அழிக்காமல், இப்போது ஏற்கப்படும் பெயரைப் பக்கத்துப் பத்தியில் எழுதுவதே பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, வாங்கிய பூங்கா தன் எண்ணைப் போட்டுவிட்டு, கொடுத்தவரின் எண்ணை எழுதாமல் விடுவது. சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது. ஐரோப்பியப் பூங்காக்களின் ஐபென் எண் இதற்கு நல்ல மருந்து. தோன்றிய நாட்டின் ஈரெழுத்துக் குறி, செடியைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டெனில் 1, இல்லையெனில் 0, முதலில் வாங்கிய பூங்காவின் குறி, அங்கே பெற்ற சேர்க்கை எண் என நான்கு பாகம். நாடு தெரியாவிட்டால் 'எக்ஸ்எக்ஸ்'. செடி எத்தனை கை மாறினாலும், அதன் வாரிசுகளுக்கும் அதே எண்தான்.

செத்த செடியின் பதிவை நீக்கவே கூடாது. நீக்கினால் அதன் பிள்ளைகள் தாயற்றவை ஆகிவிடும். நிலையை 'இறந்தது' என்று மாற்றி, தேதியும் காரணமும் சேர்த்தால் போதும். மகரந்தக் குப்பிக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: தந்தைச் செடியின் முழு எண், வாலெழுத்து உட்பட, சேகரித்த தேதியோடு. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உறைபெட்டி ஈரத்தில் கரைந்துவிடும்.