"மூணுமே நெகட்டிவ்தானே டாக்டர், அப்புறம் கீமோ எதுக்கு?"

இப்படிக் கேட்டவர் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் அண்ணன். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். தங்கையின் பயாப்சி ரிப்போர்ட்டின் அடியில் மூன்று வரிகள்: ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் நெகட்டிவ், புரோஜெஸ்டிரோன் ரிசப்டர் நெகட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். முதல் இரண்டும் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள், மூன்றாவது செல்லை வளரத் தூண்டும் புரதம். மூன்றும் நெகட்டிவ் என்றதும் 'பயப்பட ஒண்ணும் இல்ல' என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டி, கீமோவுக்குக் கொடுத்த தேதியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதற்குள் அக்குளில் நெறி கட்டிவிட்டது. இதுதான் முதல் தடவை என்றால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்க்காமலே நோயைப் பார்க்கிற வேலை. ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும் கையெழுத்து எங்களுடையது. அதைப் படித்துப் பொருள் சொல்வது மட்டும் ஏனோ பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட மாமா, வாட்ஸ்அப் குழு.

லேப் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று போட்டால், தேடிய பொருள் இருந்தது. நெகட்டிவ் என்றால், தேடிய பொருள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. 'பாசிட்டிவா யோசிங்க' என்று மேடைப் பேச்சாளர் சொல்லும் பாசிட்டிவ் வேறு. கோவிட் காலத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகப் படித்தார்கள். பாசிட்டிவ் வந்தால் போச்சு, நெகட்டிவ் வந்தால் தப்பித்தோம். அது ஒரு வைரஸைத் தேடிய பரிசோதனை, அதற்கு அது சரி. அதே பாடத்தைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். சர்க்கரை நோய்க்காரரும் ரத்த அழுத்தக்காரரும் மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொள்வது போன்ற வேலை அது.

அந்த அண்ணன் கையில் இருந்த ரிப்போர்ட்டுக்கே வருகிறேன். புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பது முதல் வரியிலேயே முடிந்துபோன விஷயம். கீழே உள்ள மூன்று வரிகளும் எந்த மருந்து பிடிக்கும் என்று பார்ப்பதற்காக. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் பாசிட்டிவ் என்றால் தமோக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் கைகொடுக்கும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மை இந்த வகைதான். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது, 1998 முதல் பயன்பாட்டில். மூன்றும் நெகட்டிவ் என்றால் இந்த இரண்டு கதவும் மூடியிருக்கின்றன, முதன்மையான ஆயுதம் கீமோ. ஆக, அந்த மூன்று நெகட்டிவும் கீமோவைச் சீக்கிரம் தொடங்கச் சொல்லும் நெகட்டிவ். தள்ளிப்போடச் சொல்வதல்ல.

இன்னொன்று. ஹெர்-2 முடிவை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவோம். 1+ என்பதில் கூட்டல் குறி இருக்கிறது, ஆனாலும் அது நெகட்டிவ். 3+ மட்டும்தான் நேராகப் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டுங்கெட்டான், ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்யாமல் ஒன்றும் சொல்ல முடியாது. கூட்டல் குறியைப் பார்த்து நீங்களாக முடிவெடுத்தால் எப்படி?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் 'மார்ஜின்' என்று ஒரு வரி வரும். வெட்டியெடுத்த திசு எங்களிடம் வந்ததும் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசுவோம். மை காய்ந்த பிறகு மெல்லிய துண்டுகளாக நறுக்கி, நுண்ணோக்கியில் அந்த மைக் கோட்டை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போவோம். புற்றுநோய்ச் செல் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மார்ஜின் பாசிட்டிவ். அதாவது வெட்டிய விளிம்பு வரை நோய் இருக்கிறது, உள்ளேயும் மிச்சம் இருக்கலாம். இங்கே நெகட்டிவ்தான் நமக்கு வேண்டியது. ஒரே நோயாளி, ஒரே ரிப்போர்ட். ரிசப்டர் பாசிட்டிவ் என்றால் நிம்மதி, மார்ஜின் பாசிட்டிவ் என்றால் கவலை.

மனநல மருத்துவர்கள் 'பாசிட்டிவ் சிம்ப்டம்ஸ்' என்பார்கள். ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோயில் காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது எல்லாம் அதில் சேரும். இயல்பாக இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதால் அந்தப் பெயர். 'பாசிட்டிவ் அறிகுறிகள் அதிகமா இருக்கு' என்று கேட்டுவிட்டு, பிள்ளை தேறிவருகிறான் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிற பெற்றோரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளக்காமல் விட்ட நம் ஆட்களைத்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் வேடிக்கை. 'கல்ச்சர் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் பேசில்லை' என்று வரும் (பேசில்லை என்பது கோல் வடிவ பாக்டீரியாவின் பெயர்). 'ஒண்ணு பாசிட்டிவ்னு சொல்லுங்க, இல்லன்னா நெகட்டிவ்னு சொல்லுங்க' என்று கவுன்ட்டரில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கிருமி வளர்ந்திருக்கிறது என்பது முதல் சொல். அது எந்த வகை என்பது இரண்டாவது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் சொன்ன சாயமேற்றும் முறையில் ஊதா நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாத பாக்டீரியா கிராம் நெகட்டிவ். கிருமி இல்லை என்று பொருள் இல்லை.

மஞ்சள் காமாலை பயத்தில் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஹெப்படைட்டிஸ் பி வரிகளை நிதானமாகப் படியுங்கள். 'ஹெச்பிஎஸ் ஆன்டிஜென்' (வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ் என்றால் உடலில் வைரஸ் இருக்கிறது. 'ஆன்டி ஹெச்பிஎஸ்' பாசிட்டிவ் என்றால் எதிர்ப்புசக்தி இருக்கிறது, தடுப்பூசி போட்டவர்களுக்கு அப்படி வருவதுதான் முறை. பெயர் ஒன்றுபோல இருப்பதால், தடுப்பூசி வேலை செய்த மகிழ்ச்சியான சேதியை வைத்துக்கொண்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ரத்த வகையிலும் இதே கூத்து. 'நெகட்டிவ்' ரத்தம் பலவீனமான ரத்தம் அல்ல. சிவப்பணுவின் மேல் டி என்ற ஒரு புரதம் (ஆன்டிஜென்) இல்லை, அவ்வளவே. ஆனால் நெகட்டிவ் வகைப் பெண் கருவுற்றிருந்தால் அலட்சியம் கூடாது. குழந்தை பாசிட்டிவாக இருந்தால், தாயின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கி அடுத்த குழந்தையைத் தாக்கலாம். அதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. சுமார் 28ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவையா என்று அன்றைக்கே கேளுங்கள். கலைந்த சோகத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் தூரம் உண்டு. ஹெச்ஐவி தொற்று ஏற்பட்ட மறுவாரமே பரிசோதித்து நெகட்டிவ் வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. பரிசோதனையில் தெரிகிற அளவுக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து இனிமேல் 'பாசிட்டிவ்னு வந்திருக்கு' என்று ஒற்றைச் சொல்லை மட்டும் போனில் சொல்லாதீர்கள். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள். மருத்துவரிடம் 'நல்லதா கெட்டதா' என்று கேட்பதற்கு முன் 'எதைத் தேடினீங்க, அது கிடைச்சதால இப்ப என்ன செய்யணும்' என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதும். பயாப்சி செய்த இடத்தில் ஸ்லைடும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் இருக்கும். சந்தேகம் இருந்தால் அவற்றை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுங்கள், நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். அதுவரை சிகிச்சைத் தேதியை மட்டும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.