செக்: ராஜாவைக் கூப்பிட்ட சொல்

பாங்கில் கொடுப்பது செக். லாரியை மறிக்கும் இடம் செக்போஸ்ட். கட்டம் போட்ட சட்டை செக்டு சட்டை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவது செக்கப். செஸ் ஆட்டத்தில் ராஜாவை மிரட்டினால் அதுவும் செக். ‘இதெல்லாம் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒலி ஒன்றாகிப்போன வேறு வேறு சொற்களா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரே சொல்தான். ஆனால் ஒலி ஒன்றாக இருப்பது இதற்குச் சாட்சி ஆகாது. தமிழில் ‘திங்கள்’ நிலவு, மாதம், கிழமை மூன்றையும் குறிக்கும். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்கள் அவை. ‘ஆறு’ அப்படியல்ல. நதியும் எண்ணும் தமிழில் ஒரே ஒலியில் வந்து மோதிக்கொண்டன. பக்கத்துத் தெலுங்கில் நதி ‘ஏரு’, எண் ‘ஆரு’ என்று பிரிந்தே நிற்கின்றன. உறவுமொழியில் பிரிகிறதா என்று பார்ப்பது சொல்லாய்வின் முதல் சோதனை. பழைய எழுத்துச் சான்றை நூற்றாண்டு வாரியாக அடுக்குவது இரண்டாவது.

‘செக்’கின் அடியில் இருப்பது பாரசீக ‘ஷா’, அதாவது அரசன். 2,500 ஆண்டுகளுக்கு முன் ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் பாரசீக அரசன் டேரியஸ் தன்னை ‘க்ஷாயதிய’ என்று பொறித்துக்கொண்டான். அது தேய்ந்து ‘ஷா’ ஆனது. சமஸ்கிருத ‘க்ஷத்ர’ இதற்குத் தாயாதி முறை. சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய் ‘சத்ரங்க்’ ஆனது. அரபியில் ‘ச’வும் ‘க’வும் மாறி ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிரியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று குரல் கொடுப்பது ஆட்ட மரபு. இன்று நம் பையன்கள் ‘செக்’ சொல்லும்போதும், விவரம் தெரியாமல் ‘ராஜா!’ என்றுதான் கத்துகிறார்கள்.

‘ஷாஹ்’ என்பதன் கடைசி மூச்சொலி ஐரோப்பிய வாயில் நிற்கவில்லை, ‘க்’ ஆகிவிட்டது. இடைக்கால லத்தீனில் அது ‘ஸ்காக்குஸ்’. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்க’ வராது. முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து ‘எஸ்செக்’ என்றார்கள். நம் ஊரில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவதும், ஸ்டேஷன் ‘இஸ்டேஷன்’ ஆவதும் இதே வேலைதான். அதைப் படிப்பில்லாதவர் பேச்சு என்று சிரிப்பவர்கள், லத்தீன் ‘ஸ்கோலா’ ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆனதற்கும் சிரிக்க வேண்டும். ஆங்கிலம் அந்த முன்னொட்டை மறுபடி உதறியது. ஒருமை ‘செக்’ ஆனது. பன்மையில் ‘ஸ்’ வந்ததால் ‘க்’ விழுந்து ‘செஸ்’ ஆனது. செக்கும் செஸ்ஸும் ஒரே சொல்லின் ஒருமை, பன்மை.

பொருள் கிளைத்த வழி இரண்டு. ஒன்று ராஜாவிடமிருந்து: ‘செக்’ சொன்னதும் எதிராளி தன் திட்டத்தை நிறுத்திவிட்டு ராஜாவைக் காக்க வேண்டும், ஆகவே தடுத்தல், ஆகவே கட்டுப்படுத்தல், பிறகு தவறைத் தடுக்கச் சரிபார்த்தல். செக்போஸ்ட், செக்கப், பஸ்ஸில் ஏறும் செக்கர் எல்லாம் இந்தக் கிளை. மற்றொன்று பலகையிலிருந்து: செஸ் பலகையின் பிரெஞ்சுப் பெயர் ‘எஸ்செக்கியே’. கட்டம் போட்ட துணியெல்லாம் அதன் வாரிசு. இங்கிலாந்தின் கஜானா ‘எக்ஸ்செக்கர்’ ஆனதும் அதனால்தான். இந்தப் பலகையிடம் கொஞ்சம் நின்று போகலாம்.

இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களின் இறுதியில் அதை விவரித்து எழுதியிருக்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. காசுவில்லை கீழே உருளாதிருக்க நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு இடையிலுள்ள பத்திகள் வலமிருந்து இடமாகப் பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம். அரசனுக்கு வரவேண்டிய தொகை மேல் வரிசையில் வில்லைகளாக அடுக்கப்படும். மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் கட்டியது கீழ் வரிசையில்.

வரவேண்டியது 347 பவுண்டு 12 ஷில்லிங் 5 பென்ஸ், கட்டியது 189 பவுண்டு 15 ஷில்லிங் 8 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையில் இடமிருந்து 3, 2, 7, 12, 5 வில்லைகள். கீழே 1, 4, 9, 15, 8. பென்ஸ் பத்தியில் 5-இலிருந்து 8 போகாது. பக்கத்திலிருந்து ஒரு ஷில்லிங் வில்லையை எடுத்துவிட்டு 12 பென்ஸ் வில்லை வைத்தால் 17, மீதி 9. ஷில்லிங் 11-இலிருந்து 15 போகாது, ஒரு பவுண்டை உடைத்து 20 சேர்த்தால் 31, மீதி 16. பவுண்டு பத்தியில் 6. இருபதுப் பத்தியிலிருந்து ஒன்றை உடைத்தால் 26, மீதி 17. இருபதுப் பத்தியில் மிஞ்சியது 1. ஒரு நூறை உடைத்தால் ஐந்து இருபது, மொத்தம் 6, மீதி 2. நூறில் 1. நிலுவை 157 பவுண்டு 16 ஷில்லிங் 9 பென்ஸ்.

ஒரு பத்தியில் 12-ஆல் கடன், இன்னொன்றில் 20-ஆல், வேறொன்றில் 5-ஆல். ரோமானிய எண்களை ஒன்றன்கீழ் ஒன்று எழுதி இதைக் கழிப்பது பெரும்பாடு. துணிக்கு அந்தக் கவலை இல்லை. பூஜ்யம் என்ற எழுத்தும் வேண்டாம், காலிக் கட்டமே பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃப்பும் தன் கணக்கு கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். வில்லை கோட்டின்மேல் விழுந்தாலோ, சட்டைக் கை பட்டு நகர்ந்தாலோதான் வம்பு: ஒரு கட்டம் தள்ளினால் ஷில்லிங் பவுண்டாகிவிடும். பொருளாளரும் ஷெரிஃப்பும் அங்கே மோதுவது சதுரங்கப் போர் போன்றது என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். பிரிட்டனின் நிதி மந்திரிக்கு ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்று பெயர்; அந்தப் பதவிப் பெயரில் அந்த மேஜைத் துணி இன்றும் இருக்கிறது.

பாங்கு செக் மட்டும் இரு கிளைக்கும் பிள்ளை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் கள்ளத்தனத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளும் அடிக்கட்டை. பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் ஏறியது. கஜானாப் பெயரின் சாயலில் பிரிட்டிஷார் எழுத்துக்கூட்டலை check என்பதிலிருந்து cheque என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள்.

அப்படியானால் நம் எண்ணெய்ச் செக்கு? ‘செக்கிலிருந்துதான் ஆங்கிலச் செக் வந்தது’ என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். சோழர் கல்வெட்டுகளிலேயே ‘செக்கிறை’ என்ற வரி இருக்கிறது. மலையாளத்தில் அது ‘சக்கு’. அரசனுக்கும் கட்டத்துக்கும் அதோடு ஒட்டுறவில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. இப்படி உறவுமொழிச் சொற்களைச் சேர்த்து வைத்து, மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961-இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைக் கொண்டுவந்தார்கள், 1984-இல் திருத்திய பதிப்பு. சொல்லின் பிறப்பைப் பற்றி மேடையில் முழங்கச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இந்த வகை வேலைக்குப் போனால் கல்வெட்டுச் சொற்களையாவது வரிசைப்படுத்தி முடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ‘செக்கிறை’ போல வரிப் பெயர்கள் மட்டுமே அங்கே ஏராளம்.