பங்களா: குடிசையாகப் பிறந்த சொல்

பங்களாதேஷ் என்றால் பங்களாக்கள் நிறைந்த தேசமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். அது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வியில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே சொல். என்ன, நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். வீடு தேசத்துக்குப் பெயர் தரவில்லை, தேசம்தான் வீட்டுக்குப் பெயர் தந்தது.

'பாங்ளா' என்றால் வங்காளத்தைச் சேர்ந்தது. வங்காளத்துக் குடிசையைப் பார்த்த வட இந்தியர்கள் அதை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். இன்று 'பங்களா விற்பனைக்கு' என்ற வரியைப் படித்ததும் நம் கண்முன் என்னென்ன வருகின்றன? போர்டிகோ, வளைந்தேறும் மாடிப்படி, புல்வெளி, உயரமான இரும்புக் கேட், அதன் பின்னால் குரைக்கும் அல்சேஷன். இவற்றில் ஒன்றுகூடப் பழைய பங்களாவில் கிடையாது. மண் சுவர், மூங்கில் சட்டம், மேலே வைக்கோல், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கூரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூங்கிலை வளைத்துக் கட்டுவார்கள். முகடு நடுவில் வில்லாக உயர்ந்து இரு முனையிலும் தாழும். கூரையின் விளிம்பான இறவாரமும் அதே வளைவோடு மூலைகளில் கீழே இறங்கி நிற்கும். அங்கே கொட்டும் மழைக்கென்றே அமைந்த வடிவம் அது. தண்ணீர் ஓரிடத்திலும் தங்காமல் வழுக்கி ஓடிவிடும், தாழ்ந்த இறவாரம் மண் சுவரில் சாரல் படாமல் காக்கும். ஏழையின் இந்தக் கூரைமேல் அரசர்களுக்கு ஆசை வந்தது. விஷ்ணுபூரில் மல்ல அரசர்கள் 1655இல் கட்டிய கோயிலுக்கு 'ஜோர் பாங்ளா' என்றே பெயர். இரண்டு குடிசைகளை ஒட்டி நிறுத்தினாற்போல் இருக்கும், செங்கல்லும் சுடுமண் சிற்பமுமாக. அதற்கும் முன்னால் 1633இல் லாகூர்க் கோட்டையில் ஷாஜகான் எழுப்பிய நௌலாக்கா மண்டபத்தின் தலையில் இதே வளைவு வெண்பளிங்கில் இருக்கிறது. மூங்கில் இயல்பாக வளைந்து கொடுக்கும். பளிங்கை அப்படிச் செதுக்கியது முழுக்க முழுக்க அழகுக்காகத்தான்.

17ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலேயர் வாய்க்குப் போனது. வங்காளத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்கு அது முதலில் ஒண்டிக்கொள்ளும் கொட்டகைதான். பிறகு தரையை மேடாக்கி, நான்கு பக்கமும் வராந்தா இழுத்து, அறைகளைப் பெருக்கினார்கள். வழிநெடுகப் பயணிகள் தங்கிப்போக டாக் பங்களாக்கள் வந்தன. கலெக்டர் பங்களா, எஸ்டேட் துரை பங்களா என்று சொல்லுக்கு அதிகார வாசனை ஏறியது. தமிழுக்குள் வந்தது இந்தக் கட்டத்துப் பங்களாதான். அதனால் நமக்கு அது என்றைக்குமே பெரிய மனிதர் வீடு. ஆங்கிலச் சொல் 'பங்கலோ' என்று ஓகாரத்தில் முடிகிறது, நம்முடையது ஆகாரத்தில். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் இந்துஸ்தானி வழியாக நேரே வந்ததற்கு அந்தக் கடைசி எழுத்தே சாட்சி. தமிழில் அது எவ்வளவு வேரூன்றிவிட்டது என்பதற்குப் பேய்களைக் கேட்கலாம். நம் கதைகளில் அவை குடியிருப்பது பாழடைந்த பங்களாவில்தான். அபார்ட்மென்டில் ஒரு பேய் குடியேறினால் இன்னும் நம்மால் முழுசாக நம்ப முடிவதில்லை.

இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சொல்லின் விதி வேறு. 1870ஐ ஒட்டி கென்ட் கடற்கரையில் ஓய்வு வீடுகளாக வந்த பங்கலோக்கள் வசதியானவர்களுக்கு உரியவை. நாளடைவில் மாடியில்லாத எந்தச் சிறு வீட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று பிரிட்டனில் அதைத் தேடி வாங்குபவர்களில் பலர் படியேற முடியாத வயதானவர்கள். மொழிபெயர்ப்பாளர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஓர் ஆங்கிலக் கதையில் பென்ஷனில் காலம் தள்ளும் கிழவி பங்கலோவில் இருக்கிறாள் என்று வந்தால், தமிழில் 'பங்களாவில் வசிக்கிறாள்' என்று எழுதிய நொடியில் அவள் ஜமீன்தாரிணி ஆகிவிடுவாள். அங்கே 'ஒற்றைத்தள வீடு' என்பதே சரி.

அமெரிக்காவில் இன்னும் குழப்பம். சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் வீட்டையே துண்டு துண்டாகத் தபால் ஆர்டரில் விற்றது. ரயிலில் வந்திறங்கும் மரச் சட்டங்களை நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அவற்றில் பலவும் பங்கலோதான். அதே 1908இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் கேம்பிள் குடும்பத்துக்குக் கட்டிய, தேக்கும் மஹோகனியும் இழைத்த வீடும் பங்கலோ வகைதான். ஒரே பெயர், ஒன்று குமாஸ்தாவுக்கு, மற்றது சோப்புக் கம்பெனி முதலாளி வீட்டுக்கு. ஜெர்மனியில் தட்டைக் கூரை ஒற்றைத்தள வீடு என்று பொருள். அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் சான்சலருக்காக 1964இல் ஸெப் ரூஃப் கட்டிய கண்ணாடி வீட்டை 'சான்சலர் பங்கலோ' என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூரிலோ சட்டமே இலக்கணம் எழுதிவிட்டது. 'குட் கிளாஸ் பங்கலோ' என்ற உயர்தர வகைக்கு 39 பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன, மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர் இருக்க வேண்டும், வீடு இரண்டு தளத்தைத் தாண்டக் கூடாது. வைக்கோல் குடிசை போய்ச் சேர்ந்த உச்சம் அதுதான்.

விளம்பரங்களில் பங்களாவின் இடத்தை இப்போது வில்லா பிடித்துவருகிறது. அதுவும் பிறப்பால் எளியதே. லத்தீனில் வில்லா என்பது நாட்டுப்புறப் பண்ணை வீடு. அந்தப் பண்ணையாளைக் குறித்த 'வில்லானுஸ்' என்ற சொல்தான் உருண்டு திரண்டு நம் சினிமா வில்லனானது. மேன்ஷன் ரோமானியச் சாலையோரத் தங்குமிடத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது செல்வர் இல்லம், ஜப்பானில் அடுக்குமாடிக் குடியிருப்பு, நம்மிடம் கல்யாணமாகாத ஆண்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள். மூலப் பொருளுக்கு அருகில் நிற்பது, சொல்லப்போனால், நாம்தான்.

சரி, பங்களாவுக்குத் தமிழ் என்ன? 'வளமனை' என்ற சொல்லைத் தமிழ்ச் சொல்லாக்க ஆர்வலர்கள் முன்வைக்கிறார்கள். நல்ல சொல், நாவில் புரளவும் செய்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பழந்தமிழில் மனை என்றால் வீடு, மனைவி என்ற சொல் அங்கிருந்து வந்ததே. இன்றைய விளம்பரத் தமிழில் மனை என்றால் நான்கு மூலையில் கல் நட்ட வெற்று நிலம். 'வளமனை விற்பனைக்கு' என்று போட்டால் போனில் முதல் கேள்வி 'எத்தனை சென்ட்?' என்றுதான் வரும். கட்டுரையிலும் கதையிலும் வளமனை எழுதலாம், பழகிப்போகும். 'மாளிகை' பலருக்கும் உடனே தோன்றும், ஆனால் அது ஆளுநர், அதிபர் என்று பதவியோடு ஒட்டிவிட்டது. ஆங்கிலத்தில் வெறும் வீடாக இருப்பதைக்கூட நாம் வெள்ளை மாளிகை ஆக்கினோம். பொதுச்சுவர் இல்லாமல் நிற்கும் எதையும் சொல்லத் 'தனி வீடு' போதும். 'பங்களா டைப் வீடு' என்று ஒரு வழக்கு இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பங்களா இல்லை என்பதை அந்த 'டைப்' நாணயமாக ஒப்புக்கொள்கிறது. என் கையில் விட்டால் பங்களாவை அப்படியே வைத்துக்கொள்வேன். நம் வாய்க்கு வளைந்துவிட்ட சொல் அது.

தேட வேண்டியது வீட்டின் உறுப்புகளுக்கான சொற்களை. புகார் நகரத்தைக் காட்டும்போது சிலப்பதிகாரம், 'வேயா மாடமும் வியன்கல இருக்கையும் மான்கண் காலதர் மாளிகை இடங்களும்' என்கிறது. காலதர் என்பது சன்னல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் வடிவில் காற்றுக்கு வழி. சன்னலுக்கு ஆங்கிலேயர் சொல்லும் பெயரும் 'காற்றின் கண்' என்ற பழைய நார்ஸ் மொழித் தொடரிலிருந்து வந்ததுதான் என்பது ஓர் அழகான ஒற்றுமை.

வேயா மாடம் என்பது கூரை வேயாமல் திறந்துவிட்ட மேல்தளம். 1931இல் பாரிஸுக்கு அருகே கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டி முடித்த வில்லா சவோயின் தட்டைக் கூரையும் அப்படித்தான். இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் அந்த வீடு மழைக்கு ஒழுகித் தொலைத்தது, வீட்டுக்காரர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். வங்காளத்துக் குடிசைக்காரரைக் கேட்டிருந்தால் மூங்கிலை வளைக்கச் சொல்லியிருப்பார். ஆனாலும் யாராவது தன் விளம்பரத்தில் 'ஓப்பன் டெரஸ்' என்பதை விட்டுவிட்டு 'வேயா மாடம் உண்டு' என்று போட்டால், வாங்க வழியில்லாவிட்டாலும் ஒருநாள் போய் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன், மழையில்லாத நாளாகப் பார்த்து.