சொல் விளக்கம்: சூழல்

"பூகோளச் சுற்றாடலைத் துப்புரவு செய்க." புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் (R) என்ற கணினி மொழியைப் படிப்பிக்கும் தமிழ்க் கையேடு ஒன்றில் இருந்த வரி இது. பக்கத்தில், ஆரில் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளின் தும்புத்தடிப் படம் வேறு. கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்தது. வாசித்த பிள்ளைகள் சிரமதானத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அவர்களில் பிழையில்லை. சொல்லவந்தது சின்ன விஷயம்: இதுவரை உருவாக்கி வைத்த தரவுப் பொருள்களை, பெயரோடு சேர்த்து நீக்குங்கள்.

குளோபல் என்றால் பூகோளம், என்வைரன்மென்ட் (environment) என்றால் சுற்றாடல் என்று யாரோ சொற்பட்டியலில் பார்த்திருக்கிறார்கள், அப்படியே ஒட்டிவிட்டார்கள். இப்போது கையேட்டுக்குக் கையேடு அதே சொல்தான். ஆரில் என்வைரன்மென்டுக்குச் சூழல் என்றே எழுதவேண்டும் என்பது என் வாதம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சில் 'சுற்றிவளை' என்ற வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கணினித் துறையில் அதற்கு வேறொரு பொருள் ஏறியது. 1964இல் பிரித்தானியக் கணினி அறிஞர் பீற்றர் லண்டின் விவரித்த கற்பனைப் பொறியின் நான்கு உறுப்புகளில் ஒன்றுக்கு இதே பெயர். எந்தப் பெயருக்கு என்ன பெறுமானம் என்று அங்கே பதிவாகியிருக்கும். ஸ்கீம் என்ற கணினி மொழியும் அந்தப் பொருளில் இச்சொல்லை ஆண்டது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் றொஸ் இஹாகாவும் றொபேட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் ஆரை உருவாக்கியபோது, பெயரைத் தேடும் முறையை ஸ்கீமிடமிருந்துதான் எடுத்தார்கள்.

ஆகவே ஆரில் இது மரம், ஆறு, காற்று போல நம்மைச் சுற்றி இருக்கும் ஒன்றல்ல. பெயர்களையும் அவை சுட்டும் பொருள்களையும் முடிந்து வைத்திருக்கும் பதிவேடு. கூடவே, 'இங்கே இல்லையென்றால் அடுத்து எங்கே தேடுவது' என்ற ஒரு சுட்டும் அதில் இருக்கும்.

ஓர் உதாரணம். மழைப்பதிவு என்ற அட்டவணையில் மாதம், அளவு என்று இரண்டு நிரல்கள். டாலர் குறி போட்டு மழைப்பதிவு$அளவு என்று கேட்டால் நேரே அந்த நிரல் வரும். ஒவ்வொரு தடவையும் அட்டவணையின் பெயரை எழுதப் பஞ்சிப்பட்டு, 'அட்டாச்' (attach) என்ற கட்டளையால் அட்டவணையை இணைக்கிறோம் என்று வையுங்கள். அட்டவணையின் நிரல்கள் தேடல் வரிசையில் இரண்டாம் இடத்தில் வந்து நிற்கும். முதல் இடம் நாம் வேலைசெய்யும் சூழலுக்கு. காலையில் 'அளவு' என்ற பெயரில் 10 என்ற எண்ணைச் சேமித்து வைத்திருந்தோமா, இப்போது அளவு என்று கேட்டால் வருவது அந்த 10தான், மழை அல்ல. ஆர் இதை எச்சரிக்கவும் செய்கிறது. கையேட்டில் அந்த எச்சரிக்கை எப்படி வந்திருக்கிறது தெரியுமா? "பின்வரும் பொருள் பூகோளச் சுற்றாடலால் முகமூடியிடப்பட்டுள்ளது." ஐயோ! 'பொதுச் சூழலில் உள்ள பெயர் இதை மறைக்கிறது' என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சுற்றாடலுக்குச் சார்பாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் இருந்தால்தான் ஒழுங்கு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சுற்றாடல் அமைச்சு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, ஆரம்பப் பிள்ளைகளின் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடம் என்று இச்சொல் இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. முதலாம் ஆண்டில் இலையும் பூச்சியும் படித்த சொல்லைப் பல்கலைக்கழகத்தில் தூக்கிவந்து 'இதற்குள் பெயர்கள் இருக்கின்றன' என்றால் யாருக்கு விளங்கும்? சொல்லைத்தான் மாற்றுகிறார்கள், கருத்தை மாற்றுவதில்லை.

இன்னொரு மறுப்பு, சூழல் என்பது தமிழ்நாட்டுக்காரரின் சொல் என்பது. சுற்றுச்சூழல் அவர்களுடைய வழக்காக இருக்கலாம், சரி. சூழல் எப்போது அவர்களுக்கு மட்டும் சொந்தமானது? யுத்தச் சூழல், அரசியல் சூழல், குடும்பச் சூழல் என்று நம் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதுகின்றன.

சூழல் பொருந்துவதற்கு முக்கிய காரணம் வேறு. ஒரு சொல்லின் பொருளைச் சூழல்தான் தீர்மானிக்கும் என்று தமிழ் படிப்பித்த வாத்தியார் சொல்லியிருப்பார். தமிழில் 'பொருள்' என்பது அர்த்தமும்தான், கையில் பிடிக்கும் வஸ்துவும்தான். ஆரில் நடப்பதும் அதுவே: பெயருக்குப் பொருளைத் தருவது சூழல். ஆங்கிலத்தில் வரையறையாகச் சொல்லி விளக்கவேண்டியது தமிழில் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. இதைக் கைவிட்டுவிட்டு அமைச்சின் பெயர்ப்பலகையிலிருந்து சொல் எடுப்பானேன்?

பெயர்வெளி (namespace) என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்கு உரியதல்ல. ஒரு பொதியின் (package) பெயர்களைத் தனியே பிரித்து வைக்கும் ஏற்பாடு ஆரில் இருக்கிறது, இரட்டை முக்காற்புள்ளி போட்டு அழைப்போமே, அதற்கு அது வேண்டும். 'என்வைரன்மென்ட்' என்று வகுப்பில் பேசுவதிலும் எனக்குக் கோபமில்லை. எழுதும்போது மட்டும் தமிழ் வரட்டும்.

வெக்டருக்குக் 'காவி' என்று தந்த பழைய ஆட்களை நினைத்தால் இப்போதைய வேலை எரிச்சலூட்டுகிறது. காவிக்கொண்டு போவது காவி. டெங்கு பரப்பும் நுளம்பும் நோய்க்காவி. ஆரின் வெக்டருக்குத் திசை கிடையாது, ஒரே வகைப் பெறுமானங்களை வரிசையாகக் காவுகிறது, அவ்வளவுதான். வெக்டரைத் திசையன் என்றால் அங்கே பிழை, காவி என்றால் சரி. வழக்கிலிருக்கும் வினையிலிருந்து சொல் எடுத்தார்கள், அதனால் அது புது இடத்திலும் நிற்கிறது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் கருவியைத் திறந்து பார்க்காமல் அகராதியை மட்டும் திறக்கிறார்.

சூழலை ஏற்றால் மற்றவையும் ஒழுங்காகும். நாம் வேலைசெய்வது பொதுச் சூழல். ஒரு செயற்கூற்றை (function) அழைக்கும்போது புதிதாகத் தோன்றுவது உட்சூழல். அங்கே பெயர் கிடைக்காவிட்டால் அடுத்துத் தேடும் இடத்தைப் 'பெற்றோர்' என்கிறார்கள். ஒரு சூழலுக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும், பன்மை எதற்கு? தாய்ச்சூழல் என்றால் போதும். ஆனால் கவனம்: செயற்கூறு எங்கே எழுதப்பட்டதோ அதுதான் உட்சூழலின் தாய்ச்சூழல். எங்கிருந்து அழைக்கப்பட்டதோ அந்த இடத்தையும் ஆங்கிலத்தில் 'பேரன்ட்' என்றே பெயரிட்டு ஆர் குழப்பியிருக்கிறது. அதை 'அழைத்த சூழல்' என்று தனியே எழுதுங்கள், இரண்டையும் பெற்றோராக்கிவிடாதீர்கள்.